கொண்டக்டரின் கை

என் இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் காலைப் பார்ப்பார்கள். பிறகு நான் வந்த வழியைப் பார்ப்பார்கள். பிறகு, "நல்லாத்தானே நடக்கிறீங்க" என்பார்கள். நடக்கிறேன்தான். நடப்பது வேறு, உணர்வது வேறு என்று எத்தனை பேருக்கு வகுப்பு எடுப்பது? எடுத்துப் பார்த்து வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் "ஓம், சுகம்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

வீடு தன்னாமுனையில், வேலை காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில். காலையில் ஒரு பஸ்ஸில் நகரத்துக்கு வந்து, அங்கிருந்து கல்முனைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்து, பாலம் கடந்து போய் இறங்குவேன். பல வருடப் பழக்கம். கடையில் சேலைப் பிரிவு என் கையில். வாடிக்கையாளரிடம் மட்டும்தான் என் வாய் இனிக்கும் என்று கடைப் பெட்டைகள் சொல்வார்கள். பொய்யில்லை. நிறம் போகிற துணியைத் தலையில் கட்டப் பார்க்கிற மொத்த வியாபாரிகள் என்னைக் கண்டால் முதலாளியைத் தேடி ஓடுவார்கள்.

எங்கள் பகுதி பஸ்கள் தரிப்பிடத்துக்குள் நுழைந்து நிற்பதில்லை. நுழைந்தால் பின்னால் வருகிறவன் திரும்ப வெளியே வர விடமாட்டான் என்று சாரதிமார் சொல்கிறார்கள். அதனால் பாதி ரோட்டிலேயே நிறுத்தி, இடது பக்க வாசலால் ஆட்களை இறக்குவார்கள். வாசலுக்கும் வடிகானுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், ஒரு பெண் கைப்பையோடு நடக்கக்கூடிய அளவு. அந்த இடைவெளிக்குள்ளால்தான் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் போகும். வலது பக்கம் வேன் நிற்கிறது, முன்னால் ஆட்டோ நிற்கிறது, அவசரக்காரன் வேறு எங்கே போவான்? இடைக்குள் பூந்து போவான். பொடியன்கள் மட்டுமில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற தகப்பன், மீன் பெட்டி கட்டியவர், தொப்பி போட்ட பெரியவர், சேலையைச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியில் போகிற ஆசிரியை, எல்லாரும்தான்.

சட்டம் தெரியாமல் இல்லை. முந்துவதென்றால் வலது பக்கத்தால் முந்த வேண்டும். பஸ்ஸால் ஆள் இறங்கும்போது இடது பக்கத்தால் நுழையக் கூடாது. லைசன்ஸ் எடுத்த ஒவ்வொருவரும் சோதனையில் இதற்குச் சரியான விடை எழுதித்தான் எடுத்திருக்கிறார்கள். எழுதி முடித்ததும் சட்டத்தைச் சோதனை மண்டபத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அன்று காலை நான் கடைக்குக் கிட்ட இறங்குவதற்காக பஸ்ஸின் கடைசிப் படியில் நின்றேன். வண்டி முழுதாக நிற்கும் முன்பே கொண்டக்டர் குதித்து இறங்கினார். ஒரு கையால் வாசல் கம்பியைப் பிடித்திருந்தார். மற்றக் கையை இடுப்பு உயரத்தில் நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, மேலும் கீழும் ஆட்டினார்.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. நாங்கள் ஒருவரைக் கூப்பிடும்போது உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை ஆட்டுவோம். வா என்று அர்த்தம். வேகமாக வருகிறவனை மெல்ல வரச் சொல்லவும் உள்ளங்கையைக் கவிழ்த்துத்தான் ஆட்டுவோம். ஒன்றில் விரல் அசையும், மற்றதில் மணிக்கட்டு அசையும். வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். வெயிலில், புகையில், ஓடுகிற மோட்டார் சைக்கிளில் இருந்து பார்த்தால் வா என்பதும் மெல்ல என்பதும் ஒரே கைதான்.

நான் அந்தக் கையைக் கண்டேன். வாங்க, சுறுக்கா இறங்குங்க என்று எனக்குத்தான் காட்டுகிறார் என்று நினைத்தேன். இறங்கினேன். பின்னால் பார்சல் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞன் வந்துகொண்டிருந்தான். அவனும் அதே கையைக் கண்டான். வா, வழி இருக்கு என்று தனக்குத்தான் காட்டுகிறார் என்று நினைத்தான். வந்தான்.

வேகமாக வரவில்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் முன்சில்லு என் காலைத் தட்டி, நான் வடிகான் கட்டின் மேல் விழுந்து, அவனும் தடுமாறி, மோட்டார் சைக்கிள் முழுப் பாரத்தோடும் என் இடது பாதத்தின் மேல் சரிந்தது. அவன் தனியாளாக அதைத் தூக்கினான். தூக்கும்போதே, "அக்கா, அவர் வா எண்டவர், வா எண்டவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொண்டக்டர் அந்தப் பக்கத்தில் நின்று, தான் மெல்ல என்றுதான் காட்டியதாகக் கத்தினார். ஒருத்தி ரோட்டில் கிடக்கிறேன், இவர்கள் இரண்டு பேரும் கைக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும் போல் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. கடை முதலாளி ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றினார்.

எலும்பு பொருந்திவிட்டது. நரம்பு பொருந்தவில்லை. வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்று டொக்டர் சொன்னார். பொறுத்துப் பார்க்கிறேன். கணுக்காலுக்குக் கீழே என் கால் இருக்கிறது. நான் சொல்கிறபடி நடக்கிறது. ஆனால் அங்கிருந்து எனக்கு ஒரு செய்தியும் வருவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பிஸ்கட்டும் தோடம்பழமும் கொண்டுவந்தார்கள். கூடவே ஆளுக்கொரு கோபத்தையும் கொண்டுவந்தார்கள். விடக் கூடாது, உள்ளே தள்ள வேண்டும், இந்தக் காலத்துப் பொடியன்களுக்குக் கண் மண் தெரியவில்லை. நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எனக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன். சேலைக் கரையில் ஒரு நூல் இழுபட்டிருந்தால் வருகிற கோபம், இதற்கு வரவில்லை. கவலையும் வரவில்லை. கால் மட்டும்தான் விறைத்தது என்று டொக்டருக்கு நினைப்பு.

அந்த இளைஞனும் வந்தான், தாயோடு. கரடியனாற்றுப் பக்கத்து ஆட்கள். அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று நிலத்தைப் பார்த்தான். தாய்தான் பேசினார். வட்டை வயலில் செய்த வேளாண்மையை இரண்டு போகம் வெள்ளம் கொண்டுபோனதாம். மகனுக்குக் கட்டார் நாட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற மோட்டார் சைக்கிள் வேலை சரிவந்திருக்கிறதாம். மெடிக்கல் முடிந்துவிட்டது. லைசன்ஸ் இருந்தால்தான் அந்த வேலை. பொலிஸ் போட்டிருக்கிற இந்த வழக்கில் லைசன்ஸை வெட்டினால் வேலையும் இல்லை, பயணமும் இல்லை. இவ்வளவையும் அந்த அம்மா அழாமல் சொன்னார். அடுத்ததாகப் பொய் சொல்லச் சொல்லிக் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்துவிட்டேன்.

"நீ கண்டதச் சொல்லு புள்ள. அது காணும், வேற ஒண்டும் வேணாம்" என்றார். பையிலிருந்து ஒரு பொட்டலம் வறுத்த கச்சான் கொட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் மேசன் வேலை செய்கிறவர். நல்ல மனிதர், ஆனால் ஒரு பிடி பிடித்தால் விடமாட்டார். கோட்ஸில் சாட்சி சொல்லும்போது அவன் வேகமாக வந்தான் என்று சொல்ல வேண்டும் என்று நின்றார். நான் வேகத்தைக் காணவில்லை என்றேன். கண்டதாகச் சொன்னால் என்ன, வேகமாகத்தானே வந்திருப்பான் என்றார். உங்களுக்குக் கண் அங்கேயா இருந்தது என்று கேட்டேன்.

வழக்குத் தினத்தன்று அவர்தான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழி முழுக்க இடைக்குள் பூந்து வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். ஊறணிச் சந்தியில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. ஒரு லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் தெரிந்தது. மனிதர் யோசிக்கவே இல்லை. விட்டார் உள்ளே. லொறியின் பலகை என் முழங்காலைத் தடவிக்கொண்டு போனது. என் இடது பாதம் மிதிகட்டையில் இருக்கிறதா, வெளியே தொங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. வெளியே வந்ததும், கோட்ஸுக்குப் பிந்திவிடும் என்பதால்தான் என்று அவராகவே சொன்னார்.

நீதிமன்றத்து வாங்கில் கொண்டக்டர் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பஸ்ஸை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆள் வாடிப்போயிருந்தார். தன்னையும் இதில் இழுத்துவிடுவார்களோ என்ற பயம். கால் எப்படி என்று கேட்கவில்லை. நான் நடந்து வந்ததைக் கண்டிருந்தார்.

"அன்றைக்குக் கையை ஆருக்குக் காட்டினீங்க?" என்று கேட்டேன்.

தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "நாள் முழுக்க ஆட்டிற கை, அக்கா. ஆருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? மெல்ல எண்டுதான் காட்டியிருப்பன்."

காட்டினேன் என்று சொல்லவில்லை, காட்டியிருப்பேன் என்றார். பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். இளைஞன் கூண்டில் ஏறினான். வெள்ளைச் சட்டை, புதிதாக வெட்டிய தலைமயிர். குற்றச்சாட்டை வாசித்தார்கள். கவனமில்லாமல் வாகனம் செலுத்தியது, இடது பக்கத்தால் முந்தியது, ஒழுங்கை மாறிச் சென்றது. எனக்கு மறுபக்கத்தில் இருந்த அவனுடைய தாய் என் பக்கம் சாய்ந்து, எந்த ஒழுங்கை என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒழுங்கை வேலிக்கும் வேலிக்கும் நடுவில் போகிற சின்னத் தெரு. மகன் மெயின் ரோட்டால்தானே வந்தான், ஒழுங்கைக்குள் எதற்குப் போனான் என்று அவருக்குக் குழப்பம். ரோட்டில் கோடு போட்டுப் பிரித்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். அங்கே கோடே இல்லையே புள்ள என்றார். அதுவும் உண்மைதான். போன மழைக்கே அழிந்துவிட்டது.

முதலில் கொண்டக்டரை விசாரித்தார்கள். மெல்ல வரச் சொல்லித்தான் காட்டினேன் என்றார். வேகம் பற்றிக் கேட்டபோது, கவனிக்கவில்லை என்றார். முடித்துவிட்டு முன் வாங்கில் போய் உட்கார்ந்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நீதவான் ஒரு பெண். எனக்கு இளையவராகத்தான் இருக்க வேண்டும். கேள்வியை நேராகக் கேட்டார். மோட்டார் சைக்கிள் வேகமாக வந்ததா? இல்லை என்றேன். முதுகுக்குப் பின்னால் என் கணவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நீங்கள் ஏன் பின்னால் பார்க்காமல் இறங்கினீர்கள்? கொண்டக்டர் வா என்று காட்டினார், இறங்கினேன் என்றேன். மெல்ல என்று காட்டியதாக அவர் சொல்கிறாரே? அவருக்கு அது மெல்ல, எனக்கு அது வா என்றேன்.

"அந்தக் கை எப்படி இருந்தது? காட்டுங்கள்" என்றார் நீதவான்.

நான் சாட்சிக் கூண்டில் நின்று கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டினேன். உள்ளங்கையைக் கவிழ்த்தேன். அன்று கண்டபடி மேலும் கீழும் ஆட்டினேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முன் வாங்கில் இருந்த கொண்டக்டர் எழுந்தார். எழுந்து, நேரே நடந்து, என் கூண்டடிக்கு வந்து நின்றார்.

"என்ன அக்கா?" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு லோயர்மார் சிரித்தார்கள். ஓரத்தில் நின்ற பொலிஸ்காரர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். அமைதி என்று யாரோ சத்தம் போட்டார்கள். கொண்டக்டருக்கு அப்போதுதான் தான் எங்கே வந்து நிற்கிறார் என்பது விளங்கியது. அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், முகம் கறுத்துப்போய்த் திரும்பி நடந்தார். பாவமாக இருக்க வேண்டும். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. சிரிப்பும் வரவில்லை. மற்றக் கூண்டில் நின்ற இளைஞனின் முகத்தில் மட்டும் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். இனிச் சரி, தப்பிவிட்டேன் என்று நினைத்துவிட்டான். அவனுடைய தாயும் அப்படித்தான் நினைத்தார். ஏன், நானும் நினைத்தேன்.

நீதவான் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார். பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்தியதைத் தனியாகப் பார்க்கும்படி பொலிஸாரிடம் சொன்னார். அந்தக் கையை வா என்று எடுத்ததில் பிழை இல்லை, யாரும் அப்படித்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு அந்த இளைஞனின் பக்கம் திரும்பினார்.

"கை வா என்று சொன்னாலும், போ என்று சொன்னாலும், ஆள் இறங்கும் பக்கத்தில் உமக்கு வழி இல்லை. கொண்டக்டருடைய கை சட்டம் இல்லை."

தண்டப்பணம் விதித்தார். லைசன்ஸ் ஒரு வருடத்துக்கு ரத்து. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அவன் அழவில்லை. ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுக் கூண்டால் இறங்கினான். தாய் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் கணவர், சரி, சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார். அவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி சந்தோசம் இல்லை என்பது குரலில் தெரிந்தது. ஊறணிச் சந்தி நினைவு வந்திருக்குமோ என்னவோ.

நான் வெளியே வந்து தெருவோரம் தாரில் நின்றேன். உச்சி வெயில். தாயும் மகனும் பின்னாலேயே வந்தார்கள். போகிற போக்கில் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். ஏசினால் எனக்கும் ஏதாவது வரும், கோபமோ அழுகையோ, ஏதோ ஒன்று. அவன் எனக்கு முன்னால் வந்து நின்றான்.

நான்தான் முதலில் பேசினேன். கண்டதைத்தான் சொன்னேன் என்றேன்.

"தெரியும் அக்கா. நீங்க சொன்னதால ஒண்டும் இல்ல. ஒரு வருசம்தானே, மறுகா வேற ஏதும் பாப்பம்." நெற்றி வியர்வையைத் துடைத்தான். "காலையில நீங்க நடந்து வந்தத கண்ட நான். அதுக்குப் புறகுதான் எனக்கு மனம் ஆறினது. உங்களுக்குச் சுகமாப் போச்சு. அது காணும்."

ஓம், சுகம் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாருக்கும் சொல்கிற அதே விடை. அவன் அதற்குள் கீழே பார்த்துவிட்டான்.

"அக்கா, செருப்பு எங்க?"

நானும் பார்த்தேன். என் இடது கால் வெறுங்காலாகத் தாரில் நின்றது. செருப்பு நீதிமன்றப் படியடியில் தனியாகக் கிடந்தது. அது எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரமும் நான் அந்தத் தாரில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன். செருப்புப் போட்டிருந்த தாயே சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"சுடல்லயா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி."

அவனுக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மறுபடியும் முகத்தைப் பார்த்தான். பிறகு விளங்கியது. விளங்கியதை நான் கண்ணால் கண்டேன். திரும்பி ஓடினான். செருப்பை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் குந்தினான். வேண்டாம், நானே போடுகிறேன் என்று நான் காலை வைத்தேன். கால் செருப்புக்கு வெளியே போனது. திரும்பவும் வைத்தேன், திரும்பவும் பிசகியது. அவன் என் பாதத்தைத் தூக்கி, அடியைத் தன் உள்ளங்கையால் தட்டித் துடைத்தான். அடி சிவந்து பொங்கியிருந்தது.

லைசன்ஸ் போனதற்கு அழாதவன், கட்டார் போனதற்கு அழாதவன், அந்த ரோட்டோரத்தில் குந்தியபடியே விக்கி விக்கி அழத் தொடங்கினான். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "எழும்பு மனே, ஆக்கள் பாக்கிறாங்க" என்று தாய் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் எழும்பவில்லை. இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்திருந்தான். இறுக்கித்தான் பிடித்திருக்க வேண்டும், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நான் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.